மூக்கை நீவினால் விறைக்கும் பிள்ளை: கிளைசீன் வாங்கி (ஏற்பி) பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பிறந்து 19 நாளான ஆண் குழந்தை. நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்கள் சிறுவர் வாட்டுக்கு வந்தது. கையில் இருந்த கடிதத்தில் "அடிக்கடி வலிப்பு, மருந்துக்குக் கட்டுப்படவில்லை" என்று எழுதியிருந்தது. குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நிறைமாதப் பிரசவம், பிறந்தவுடன் நன்றாக அழுதிருக்கிறது, எடை 3 கிலோ. பிறந்த அன்றே கைகளை இறுக மூடி, முழங்கையை மடக்கி, உடம்பு முழுவதும் விறைப்பாக இருந்ததாகத் தாய் சொன்னார். மூன்றாம் நாள் ஊசி போடத் தொட்டபோது ஒரேயடியாக விறைத்து, மூச்சு நின்று, உதடு நீலமாகியிருக்கிறது. அங்கே அதை வலிப்பு என்று எடுத்துக்கொண்டு பீனோபார்பிட்டோன் தொடங்கினார்கள். பிறந்த சில நாள் பிள்ளை விறைத்து நீலமானால் யாரும் முதலில் அப்படித்தான் நினைப்பார்கள். மருந்து ஏறியதும் பிள்ளை தூங்கியது, விறைப்பும் தளர்ந்தது. பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், கதை வேறு மாதிரி போனது. பக்கத்துக் காம்பராவில் சட்டி மூடி விழுந்தால் பிள்ளை தூக்கிப் போடும். கதவு அடித்துச் சாத்தினால் தூக்கிப் போடும், உடனே விறைக்கும். பூசாரி வந்து திருநீறு போட்டு, இடுப்பில் கயிறு கட்டிவிட்டுப் போயிருக்கிறார். "பயந்த கோளாறு டொக்டரம்மா, கர்ப்பமா இருக்கிறப்போ இவ மலையில பாம்பப் பார்த்துப் பயந்துட்டா" என்றார் அம்மாயி, தாயின் தாய்.

நோயைக் காட்டிக்கொடுத்ததும் அம்மாயிதான். எப்போது அதிகமாக வருகிறது என்று கேட்டதற்குத் தாய் "எப்பவும்தான்" என்றார். அம்மாயி மட்டும் யோசித்துச் சொன்னார்: "குளிப்பாட்டுறப்போதான். கால்ல போட்டு எண்ணெ தேய்ச்சு, தண்ணி ஊத்துற வரைக்கும்கூடப் பொறுத்துக்குவான். மூக்க நீவி விட்டேன்னா போதும், அப்படியே வில்லா வளைஞ்சுருவான்."

நம் வீடுகளில் பிள்ளைக்கு மூக்கு எடுப்பாக வர வேண்டும் என்று குளிப்பாட்டும்போது தினமும் நீவி விடுவது வழக்கம். அந்த வழக்கத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் அன்றைக்கு அது எங்களுக்கு ஒரு பரிசோதனையாகவே அமைந்துவிட்டது.

பார்த்தது

விழித்திருக்கும்போது உடம்பு முழுவதும் விறைப்பு. தூங்கியதும் கை கால் தளர்ந்து, மற்றப் பிள்ளைகளைப் போலவே இருந்தது. கண் தொடர்ந்து பார்த்தது, முகத்தில் விழிப்பு இருந்தது. தொப்புளில் சிறிய பிதுக்கம். காய்ச்சல் இல்லை, உச்சிக்குழி சாதாரணம்.

விரல் நுனியால் மூக்கின் நுனியை மெல்லத் தட்டினேன். தலை பின்னால் எறிந்தது, இரண்டு கையும் மடங்கின, உடம்பு இறுகியது. சாதாரணமாக எந்தக் குழந்தையும் இதற்குக் கண்ணைச் சிமிட்டும். இரண்டு மூன்று தடவை தட்டினால் பழகிப்போய் அசையாமல் கிடக்கும். இந்தப் பிள்ளைக்குப் பழகவே இல்லை. ஒவ்வொரு தட்டுக்கும் முதல் தட்டுக்கு எறிந்த அதே வேகத்தில் தலை எறிந்தது. நெற்றியிலும் மார்பிலும் தட்டிப் பார்த்தபோது இவ்வளவு இல்லை.

அடுத்த தட்டில் விறைப்பு விடவில்லை, மூச்சும் நின்றது. ஒரு கையால் தலையையும் மறு கையால் இரண்டு கால்களையும் பிடித்து, இரண்டையும் வயிற்றுப் பக்கமாக மடக்கினேன். சில நொடியில் விறைப்பு விட்டு, மூச்சு வந்து, அழுதான். இத்தாலிய மருத்துவர் விஜேவானோ 1989இல் எழுதிய உத்தி இது. உண்மையான வலிப்பு பிள்ளையை மடக்குவதால் நிற்காது. கருவி எதுவும் இல்லாத இடத்தில், மூக்குத் தட்டுக்குப் பழகாததும் மடக்கினால் நிற்பதும் சேர்ந்தாலே நோய் ஏறக்குறைய முடிவாகிவிடும்.

இரத்தச் சீனி, கல்சியம், மக்னீசியம், தண்டுவட நீர், தலை ஸ்கேன் எல்லாமே சரி. விறைத்துக்கொண்டிருக்கும்போதே எடுத்த ஈ.ஈ.ஜி.யில் (மூளை மின்னலைப் பதிவில்) தசைகள் இறுகியதால் வந்த கீறல்கள் மட்டும்தான் இருந்தன, மூளையில் வலிப்பு அலை இல்லை.

பீனோபார்பிட்டோன் வேலை செய்ததாக ஏன் தோன்றியது என்பதும் இங்கே தெளிவாகிறது. இந்த நோயில் தூக்கத்தில் விறைப்பு தானாகவே விடும். மருந்து பிள்ளையைத் தூங்க வைத்தது, தூக்கம் விறைப்பை எடுத்தது. விழித்த பிள்ளையைப் பார்த்திருந்தால் மருந்துக்குப் பலன் குறைவு என்று அன்றே தெரிந்திருக்கும்.

ஏற்புவலியையும் (டெட்டனஸ்) யோசிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் தோற்றம் அப்படியே இருக்கும். ஆனால் தாய் கர்ப்பத்தில் ஏற்பு ஊசி போட்டிருக்கிறார், கிளினிக் கொப்பியில் திகதி இருக்கிறது, பிரசவம் ஆஸ்பத்திரியில். அதோடு ஏற்புவலி பிறந்த அன்றே தொடங்காது. முதல் இரண்டு நாளாவது பிள்ளை ஒழுங்காகப் பால் குடித்திருக்கும். தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்தில் சிசு ஏற்புவலி ஒழிக்கப்பட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. ஆகவே அது பட்டியலில் கடைசிதான்.

மிஞ்சியது ஹைப்பர்எக்பிளெக்சியா, அளவு மீறித் திடுக்கிடும் பரம்பரை நோய். 1958இல் சுவீடனில் ஒரு குடும்பத்திலும் 1966இல் நெதர்லாந்தில் ஒரு பெரிய குடும்பத்திலும் இதை விவரித்தார்கள். அம்மாயி சொன்ன பயந்த கோளாறு என்பதில் திடுக்கிடுதல் சரி. பாம்புக்குத்தான் இதில் சம்பந்தமில்லை.

முண்ணாணில் நடப்பது என்ன

முழங்கையை மடக்கும்போது மடக்கும் தசை இறுகுகிறது. அதே கணத்தில் நீட்டும் தசை தளர வேண்டும், இல்லையென்றால் கை அசையவே அசையாது. தளரச் சொல்லும் வேலையை முண்ணாணில், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டில் இருக்கும் சின்னச் சின்ன இடைநரம்புகள் செய்கின்றன. அவை தசைக்குப் போகும் இயக்க நரம்பின் மேல் கிளைசீனைக் கொட்டுகின்றன. அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது கிளைசீன். முண்ணாணிலும் மூளைத்தண்டிலும் இதுதான் முதன்மையான அடக்கும் கடத்தி, அதாவது ஒரு நரம்பிலிருந்து அடுத்ததுக்குச் செய்தி கொண்டுபோகும் இரசாயனம். மேலே மூளையில் அந்த இடம் காபா என்ற இன்னொரு கடத்திக்கு.

கொட்டிய கிளைசீனைப் பிடித்து வேலையாக மாற்றுவது வாங்கி, தமிழ்நாட்டு நூல்களில் ஏற்பி என்று சொல்வது. நரம்பு மென்சவ்வின் குறுக்கே ஐந்து புரதத் துணையலகுகள் வட்டமாக நின்று, நடுவில் ஒரு துளையை விட்டிருக்கும். ஒவ்வொரு துணையலகும் மென்சவ்வை நான்கு தடவை ஊடுருவுகிறது. அந்த நான்கில் இரண்டாவது துண்டுதான் துளையின் சுவர். ஐந்து துணையலகிலிருந்தும் இப்படி ஒவ்வொன்று வந்து துளையைச் சூழ்ந்திருக்கின்றன. கிளைசீன் ஒட்டும் இடம் மென்சவ்வுக்கு வெளியே, இரு துணையலகுகள் அடுத்தடுத்து நிற்கும் இடுக்கில். அங்கே ஒட்டியதும் வெளிப்பகுதி சற்று முறுக்கிக்கொள்ள, கீழே இருக்கும் சுவர்த் துண்டுகள் சாய்ந்து துளை விரிகிறது. எல்லாம் மில்லி வினாடிக் கணக்கில் முடிந்துவிடும். விரிந்த துளை வழியாகக் குளோரைட்டு உள்ளே போகிறது. குளோரைட்டு எதிர் மின்னேற்றம் உள்ளது. நரம்பின் உட்புறம் ஏற்கெனவே எதிர் மின்னேற்றத்தில்தான் இருக்கிறது. அது இன்னும் கீழே போகிறது, அல்லது கிளர்ச்சி வந்தாலும் மேலே ஏறாமல் நிற்கிறது. எப்படியானாலும் அந்த நரம்பு தசைக்குச் செய்தி அனுப்பாது, தசை தளரும்.

தசையை இறுகச் சொல்லும் கடத்தியான அசெற்றைல்கோலினைத் தசையில் பிடிக்கும் வாங்கியும் இதே குடும்பம்தான், இதே ஐந்து துணையலகு அமைப்புதான். அது நேர் அயனிகளை விட்டுக் கிளர்ச்சியூட்டுகிறது, இது எதிர் அயனியை விட்டு அடக்குகிறது. துளையின் உள்வாயில் இருக்கும் ஒரு சில அமினோ அமிலங்கள்தான் இந்த வித்தியாசத்தைத் தீர்மானிக்கின்றன. ஆய்வுகூடத்தில் அவற்றை மாற்றி எதிர் அயனிக் கால்வாயை நேர் அயனிக் கால்வாயாகவே ஆக்கிக் காட்டியிருக்கிறார்கள். அடக்குவதற்கும் கிளப்புவதற்கும் நடுவில் இவ்வளவுதான் தூரம் என்று படித்தபோது நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

கிளைசீன் வாங்கியை மனிதர் தனியே பிரித்தெடுக்க உதவியது ஒரு நஞ்சு. எட்டி மரத்தின், நாம் காஞ்சூரை என்றும் சொல்லும் மரத்தின் விதையில் இருக்கிற ஸ்ட்ரிக்னின், கிளைசீன் ஒட்டும் அந்த இடுக்கில் போய் உட்கார்ந்து வழியை மறித்துவிடும். எட்டி விதை தின்றவர் சின்னச் சத்தத்துக்கும் தொடுகைக்கும் விறைத்து வளைவார், நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். இறுக ஒட்டும் இந்தக் குணத்தைப் பயன்படுத்தி 1982இல் ஜெர்மனியில் ஹைன்ரிக் பெட்ஸின் குழு வாங்கியைப் பிரித்தெடுத்தது. 1987இல் இதன் மரபணு வரிசையும், காபாவைப் பிடிக்கும் காபா-ஏ வாங்கியின் வரிசையும் ஒரே ஆண்டில் வெளிவந்தன. அப்போதுதான் இரண்டும் ஒரே குடும்பம் என்பது உறுதியானது.

ஏற்புவலி நஞ்சு வேறு வழியில் இதே இடத்துக்கு வருகிறது. அது வாங்கியைத் தொடுவதில்லை. இடைநரம்புக்குள் புகுந்து, கிளைசீனும் காபாவும் வெளியே கொட்டுவதற்குத் தேவையான புரதத்தை வெட்டிவிடுகிறது. நஞ்சு வாங்கியை அடைத்தாலும், கடத்தி வந்து சேராவிட்டாலும், வாங்கியே பழுதாகப் பிறந்தாலும் கட்டிலில் நாம் பார்ப்பது ஒரே காட்சி: மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகிய ஓர் உடம்பு.

எந்தத் துண்டில் பழுது

கிளைசீன் வாங்கியில் ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகைத் துணையலகுகள் உண்டு. பீட்டாவை ஜெஃபிரின் என்ற புரதம் உள்ளிருந்து பிடித்து நரம்பு இணைப்புக்கு நேரே நிறுத்துகிறது. முண்ணாணில் பிறப்புக்குப் பின் முதன்மையாக இருப்பது ஆல்பா-1. அதன் மரபணு ஐந்தாவது குரோமோசோமில் இருக்கிறது. 1993இல் இந்த நோய்க்குக் காரணம் அங்கேதான் என்று கண்டுபிடித்தார்கள். அன்று கண்ட மாற்றம் 271ஆம் இடத்தில் இருக்கும் ஆர்ஜினின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலத்தில். துளைச் சுவரின் வெளி நுனியில், துளை திறப்பதற்கான இழுப்பு வந்து சேரும் மூலையில் அது இருக்கிறது. அது மாறிவிட்டால் கிளைசீன் ஒட்டினாலும் துளை சரியாகத் திறப்பதில்லை. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வரும் இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்று இப்படிக் கெட்டாலே போதும், நோய் வரும். அப்படியான வீடுகளில் பெரும்பாலும் தாயோ தகப்பனோ நோயாளியாகவே இருப்பார்கள்.

இந்தப் பிள்ளையின் பெற்றோர் இருவரையும் பார்த்தோம். மூக்கில் தட்டியபோது தகப்பன் சிரித்தார், அவ்வளவுதான். இருவரும் மாமன் மகள், அத்தை மகன். பிள்ளையின் அப்பாயியும் (தகப்பனின் தாய்), தாயின் தகப்பனும் உடன்பிறந்தவர்கள். அப்படியென்றால் இரண்டு பிரதியும் கெட்டால் மட்டுமே வரும் வகையாக இருக்கலாம். இந்த வகையில் பெரும்பாலும் ஆல்பா-1 புரதம் உருவாவதில்லை, அல்லது உருவானாலும் மென்சவ்வை வந்து சேர்வதில்லை. ஆல்பா-1 முற்றாக இல்லாத எலிக்குட்டிகள் மூன்று வார வயதளவில் செத்துவிடுகின்றன. மனிதக் குழந்தை பிழைக்கிறது. மீதமிருக்கும் அடக்கும் வழிகள், முக்கியமாகக் காபா, சுமையை ஏற்றுக்கொள்கின்றன என்பதே நம்பத்தக்க விளக்கம்.

இரத்தம் கொழும்புக்குப் போய், பல மாதம் கழித்து முடிவு வந்தது. ஆல்பா-1 மரபணுவின் இரண்டு பிரதியிலும் ஒரே மாற்றம். தாயும் தகப்பனும் தலா ஒரு பிரதி சுமக்கிறார்கள். ஆனால் சிகிச்சை அந்தத் தாளுக்காகக் காத்திருக்கவில்லை, காத்திருக்கவும் கூடாது.

பழுதில்லாத வாங்கி வழியாக

பழுதான கிளைசீன் வாங்கியைச் சரிசெய்யும் மருந்து கையில் கிடையாது. கொடுப்பது குளோனசிபாம். அது கிளைசீன் வாங்கியில் வேலை செய்வதே இல்லை. வேலை செய்வது காபா-ஏ வாங்கியில். இந்த நோயில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான்.

காபா-ஏயும் ஐந்து துணையலகு கொண்ட குளோரைட்டுக் கால்வாய்தான். மனிதரில் இதற்கு 19 துணையலகு மரபணுக்கள் இருக்கின்றன. மூளையில் அதிகம் காணப்படுவது இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா, ஒரு காமா சேர்ந்தது. காபா ஒட்டுவது பீட்டாவுக்கும் ஆல்பாவுக்கும் நடுவில், ஒரு வாங்கியில் இரண்டு இடத்தில். குளோனசிபாம், டயசிபாம் போன்றவை ஒட்டுவது ஆல்பாவுக்கும் காமாவுக்கும் நடுவில், வேறொரு இடுக்கில். அங்கே ஒட்டி அவை தாமாகத் துளையைத் திறப்பதில்லை. காபா வரும்போது அடிக்கடி திறக்க வைக்கின்றன, அவ்வளவே. பீனோபார்பிட்டோன் மென்சவ்வுக்குள் இருக்கும் பகுதியில் ஒட்டி, திறந்த துளையை அதிக நேரம் திறந்திருக்க வைக்கிறது. டோஸ் ஏறினால் காபா இல்லாமலே திறந்தும்விடும். டோஸ் கூடினால் மூச்சு அடங்கும் ஆபத்து பார்பிட்டோன்களுக்கு அதிகம் என்பதன் அடிப்படை இதுதான்.    

முண்ணாணின் இடைநரம்புகள் பல கிளைசீனையும் காபாவையும் சேர்த்தே கொட்டுகின்றன. கிளைசீன் வாங்கி கெட்டிருந்தாலும், அதே இயக்க நரம்பில் காபா-ஏ வாங்கி நல்ல நிலையில் காத்திருக்கிறது. குளோனசிபாம் அதை அதிகம் உழைக்க வைக்கிறது. குளோரைட்டுக்கு எந்தத் துளை வழியாக வந்தோம் என்ற கவலை இல்லை.

அப்போது ஒரு பயிற்சி மருத்துவர் கேட்ட கேள்வி நியாயமானது. பிறந்த பிள்ளையின் மூளைப் புறணியில் காபா அடக்குவதற்குப் பதிலாகக் கிளர்ச்சியூட்டலாம் என்கிறார்களே, பிறகு எப்படி இந்த மருந்து? குளோரைட்டை வெளியே தள்ளும் பம்பு இளம் நரம்புகளில் குறைவு, அதனால் உள்ளே குளோரைட்டு தேங்கி, துளை திறந்தால் எதிர்த் திசையில் ஓடலாம் என்பது சரிதான். ஆனால் முண்ணாணும் மூளைத்தண்டும் புறணியைவிட முன்னதாகவே முதிர்கின்றன. இந்த நோய் இருக்கும் இடமும் அதுதான்.

பிள்ளைக்கு அப்போது எடை 3.3 கிலோ. கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.03 மில்லிகிராம் என்று தொடங்கினோம். அரை மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்து, மருந்தகத்தில் பத்துப் பொட்டலமாக மடித்துத் தந்தார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று. மூச்சையும் எச்சில் சேர்வதையும் கவனித்தபடி வாட்டில் வைத்திருந்தோம். இரண்டாம் நாள் கைவிரல்கள் விரிந்தன. நான்காம் நாள் தட்டினால் தலை எறிந்தது, ஆனால் உடம்பு விறைக்கவில்லை. பீனோபார்பிட்டோனைப் படிப்படியாக நிறுத்தினோம்.

மருந்தைவிட முக்கியமானது மடக்கும் உத்தி. தாய்க்கும் தகப்பனுக்கும் அம்மாயிக்கும் பொம்மை வைத்துச் சொல்லிக்கொடுத்தோம். பிறகு பிள்ளை மடுவத்தில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், பார்த்துக்கொள்ளும் அக்காவை வரவழைத்து அவருக்கும் காட்டினோம். தாய் கொழுந்துக்குப் போய்ப் பேர் போட்டால்தான் அன்றைய சம்பளம். பகல் முழுவதும் பிள்ளை அந்த அக்கா கையில்தான். குளிப்பாட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை. மூக்கை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். "அவங்க தாத்தா மூக்குதான் வரும், விடுங்க" என்று அம்மாயியே முடித்துவிட்டார். பூசாரி கட்டிய கயிற்றையும் அவிழ்க்கச் சொல்லவில்லை, இறுக்கமாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பிறகு

எட்டு மாதத்தில் உட்கார்ந்தான், 17 மாதத்தில் நடந்தான். நடை அகலமாக, தயங்கித் தயங்கி. பேச்சும் புரிதலும் வயதுக்குச் சரியாக இருந்தன. தொப்புள் பிதுக்கம் தானாகவே சுருங்கிவிட்டது. வயது ஏற விறைப்பு குறையும், திடுக்கிடுதல் பெரும்பாலும் போகாது. ஆபத்து இப்போது வேறு: சத்தம் கேட்டு விறைத்தால் கையை ஊன்றாமல் அப்படியே முகம் குப்புற விழுவான். லயத்து வாசலில் சிமெந்துப் படியும் கானும் இருக்கின்றன. தகப்பன் படிக்கு மூங்கிலால் அடைப்பு வைத்துவிட்டார். தீபாவளிக்கு அந்த வரிசையில் பட்டாசு வேண்டாம் என்று லயத்துக்காரர்களே பேசி முடிவெடுத்தார்கள். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்பதைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இந்தத் தம்பதிக்கு இதற்கு முன் ஒரு பெண் குழந்தை பிறந்து, இரண்டாம் மாதம் இரவில் இறந்திருக்கிறது. பால் புரையேறியது என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த நோயில் விறைப்போடு மூச்சு நின்று திடீர் மரணம் வருவது தெரிந்த விஷயம். அந்தப் பிள்ளைக்கும் இதுதானா என்று தாய் கேட்டார். இருந்திருக்கலாம், ஆனால் இப்போது நிரூபிக்க வழியில்லை என்றேன். "அவளும் இப்படித்தான் கைய மூடியே வச்சிருப்பா" என்றார்.

அடுத்த பிள்ளைக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இதை விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அடுத்த சிக்கல் வந்தது. தாயின் தங்கையை, தகப்பனின் தம்பிக்கே பேசி வைத்திருக்கிறார்கள். அவர்கள் இருவரும் இந்த மாற்றத்தைச் சுமக்க ஆளுக்குப் பாதி வாய்ப்பு. இருவரும் சுமந்தால் பிள்ளைக்கு நான்கில் ஒன்று. பெருக்கினால் 16இல் ஒன்று. கலியாணம் வேண்டாம் என்று சொல்வது என் வேலை இல்லை, சொல்லவும் இல்லை. இருவரில் ஒருவர் சுமக்கவில்லை என்று தெரிந்தாலே இந்தக் கணக்கு முடிந்துவிடும், பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது. எந்த மாற்றம் என்று இப்போது தெரிந்திருப்பதால் அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

பெண் உடனே சம்மதித்தார். மாப்பிள்ளைப் பையன் கொழும்பில் கடையில் வேலை, அடுத்த லீவுக்கு வரும்போது இரத்தம் கொடுப்பதாகத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். கலியாணத் திகதியை அதற்குப் பிறகு குறிக்கிறார்கள்.